கூடத்துச் சுவருக்குக் கருநீலமா, கரிச்சாம்பலா?

கும்பகோணத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டுக் கூடத்துக்குப் போன தையில் பெயிண்ட் அடித்தோம். முற்றத்தைப் பார்த்த ஒரு சுவரை மட்டும் அடர் நிறத்தில் அடிக்க ஆசை. நேவி ப்ளூ என்கிற கருநீலமா, கடையில் சார்கோல் என்று சொல்லும் கரிச்சாம்பலா என்று முடிவுக்கு வரவே மூன்று வாரம் ஆனது. ஷேட் கார்டில் இரண்டும் அழகுதான், ஆனால் அந்தத் தீப்பெட்டி அளவை நம்பி முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் சின்ன டப்பா வாங்கி, இரண்டடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் சுவரில் சாய்த்து வைத்தேன்.

காலையில் முற்றத்து வெளிச்சத்தில் கரிச்சாம்பலிலேயே லேசாக நீலம் ஓடியது, கருநீலமோ பளிச்சென்று நீலமாக நின்றது. சாயங்காலம் மஞ்சள் பல்பைப் போட்டால் தலைகீழ்! அந்த வெளிச்சத்தில் நீலம் குறைவு, அதனால் கருநீலம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிட்டது, சாம்பல் இதமாக இருந்தது. நாங்கள் கூடத்தில் உட்காருவதே விளக்கு வைத்த பிறகுதான் என்பதால் சரி, கரிச்சாம்பல் என்று முடிவானது. அம்மாவுக்கு மனசே இல்லை. மாடத்தில் அகல் ஏற்றியபோது அந்தச் சுவரில் சுடர் எடுப்பாகத் தெரிந்ததைப் பார்த்துத்தான் சமாதானமானார்.

ஓதத்தைத்தான் யோசிக்காமல் விட்டேன். ஐப்பசி அடைமழையில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துவிட்டது. வெள்ளைச் சுவரில் கண்ணில் படாத பொரிவு, இதில் மாவு கொட்டியது போல் தெரிகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து:

அக்கா, எங்கள் படுக்கையறைக்குக் கருநீலம். எங்களுக்கும் ராத்திரியில் கறுப்பாகத்தான் இருந்தது, வெள்ளை எல்.இ.டி. மாட்டியதும் நீலம் திரும்பி வந்தது. இரண்டு நிறத்துக்கும் பொதுவாக ஒன்று சொல்கிறேன்: பளபளப்பு வகை வேண்டாம். முதலில் அதைத்தான் அடித்தோம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பட்டி பார்த்த மேடு பள்ளம் அத்தனையும் வரிவரியாகத் தெரிந்தது. இப்போது மேட். அதில் தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை பட்டு, அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும், அதனால் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுவிட்டோம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

ஓதத்துக்காகச் சொல்கிறேன், உங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் தயவுசெய்து சிமெண்டு பூசி மூடிவிடாதீர்கள். நாங்கள் பூசினோம். ஈரம் வெளியேற வழியில்லாமல், முழங்காலில் இருந்த ஓதம் இடுப்புக்கு வந்தது. அப்புறம் அதைக் கொத்தி எடுத்து, கீழே மூன்றடிக்கு வெறும் சுண்ணாம்பு, அதற்கு மேல்தான் கருநீலம். மழை விட்டுச் சுவர் காய்ந்ததும் உப்பை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். தை பிறந்ததும் அந்த மூன்றடிக்கு மட்டும் ஒரு கை சுண்ணாம்பு அடிப்போம்.