பெட்டிங் எக்ஸ்சேஞ்சில் தொழில்முறை டிரேடர்கள் ஜெயிப்பது நியாயமா?

வட்டப்பாதை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெட்டிங் எக்ஸ்சேஞ்ச் எப்படி இயங்குகிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்துகிறது. புக்கியிடம் பந்தயம் கட்டினால் எதிரே இருப்பது ஒரு கம்பெனி, லாபத்துக்குத்தான் கடை விரித்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எக்ஸ்சேஞ்சில் அப்படி இல்லை. ஒரு குதிரை ஜெயிக்கும் என்று நான் பேக் செய்தால், அது ஜெயிக்காது என்று லே செய்ய இன்னொரு ஆள் இருந்தாக வேண்டும், நடத்துகிற கம்பெனி ஜெயித்தவரிடம் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இன்னொரு ஆள் யார்? பல சமயம் அவர் முழுநேரமும் இதையே வேலையாகச் செய்பவர், தானாகப் பந்தயம் போடும் பாட் என்கிற மென்பொருள், நமக்கு வருவதைவிட வேகமாக வரும் படம், பல வருடத்துப் புள்ளிவிவரம் எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இந்தப் பக்கம் ஆட்டம் பார்க்கிற சுவாரஸ்யத்துக்காகப் பத்து பவுண்டு போடுகிறவர்.

திறமை இருப்பவன் ஜெயிக்கிறான், இதில் என்ன தப்பு என்று ஒரு மனது சொல்கிறது. ஆனால் அங்கே பணம் புதிதாக எதுவும் உருவாவதில்லை, ஒருவருடைய சம்பளம் என்பது பலர் தோற்ற காசுதான். இதை நியாயமான ஆட்டம் என்று சொல்ல முடியுமா? சூதாட்டமே கூடாது என்ற வாதம் எனக்குத் தெரியும், அதை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தசமப்புள்ளி எழுதியது:

நல்ல கேள்வி நண்பரே. நான் டிரேடர் பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் சாதாரண ஆட்களுக்கு அவர்களால் கிடைக்கிற நன்மையை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

பூவா தலையா போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சம வாய்ப்பு, சரியான விலை 2.00, அதாவது 1 போட்டு ஜெயித்தால் அசலோடு சேர்த்து 2 திரும்ப வரும். புக்கி இரண்டு பக்கத்துக்கும் 1.91 தான் தருவார். 100 போட்டால் சராசரியாக 4.50 போய்விடும். எக்ஸ்சேஞ்சில் 2.00-க்கே கிடைத்து, லாபத்தில் 5 சதவீதம் கமிஷன் பிடித்தால் சராசரி நஷ்டம் 2.50. கமிஷன் 2 சதவீதம் என்றால் நஷ்டம் 1 மட்டும். அந்த 2.00 அங்கே எப்படி வந்தது? ஒரு டிரேடர் 1.98 தருகிறேன் என்று வைப்பார், இன்னொருவர் அவரை முந்த 1.99 வைப்பார், மூன்றாவது ஆள் 2.00. அவர்களுக்குள் நடக்கிற இந்தப் போட்டியில்தான் உங்களுக்கு நல்ல விலை வருகிறது. அவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டால் பெரும்பாலான சந்தைகளில் எதிரே ஆளே இருக்காது, இருப்பவர் வைக்கிற விலையும் புக்கி விலையைவிட மோசமாக இருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். பல புக்கிகள் ஜெயிக்கிறவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. கொஞ்சம் கணக்கோடு பந்தயம் கட்டுகிற எனக்கு, ஒரு தளத்தில் அதிகபட்சத் தொகையைச் சில்லறைக் காசு அளவுக்குக் குறைத்துவிட்டார்கள், காரணம் கேட்டால் வியாபார முடிவு என்று ஒரு வரி பதில். அதாவது அங்கே இருப்பவர்களெல்லாம் தோற்கிறவர்கள் என்று உறுதி செய்துகொண்டுதான் கடை நடக்கிறது. பெட்ஃபேர் என்ற எக்ஸ்சேஞ்ச் 2000-ல் இங்கிலாந்தில் தொடங்கியபோது இதற்கு நேர் எதிராக, ஜெயிப்பவர்களும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. எனக்கு எது நியாயம் என்று கேட்டால் இரண்டாவதுதான்.

பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் பெரிய குதிரைப் பந்தயங்களில் நிற்கிற விலை உண்மையான வாய்ப்புக்கு மிக அருகில் இருக்கும். எதுவுமே தெரியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த விலையை எடுத்தாலும் நீண்ட காலத்தில் கிட்டத்தட்ட கமிஷன் அளவுக்குத்தான் தோற்பார். நிபுணன் எதிரே உட்கார்ந்திருந்தும் அவனால் இவரிடம் பெரிதாகப் பறிக்க முடியவில்லை, ஏனென்றால் மற்ற நிபுணர்கள் விடமாட்டார்கள்.

---

கரையோரம் எழுதியது:

தசமப்புள்ளி சொன்னது பந்தயம் தொடங்கும் வரைக்கும் சரி. தொடங்கின பிறகு? ஆட்டம் நடக்கும்போதே பந்தயம் கட்டுகிற இன்-ப்ளே சந்தையை அவர் தொடவே இல்லை, என் கோபம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் பார்க்கிற நேரலை எப்போதும் தாமதம்தான். டிவியில் சில விநாடி, இணையத்தில் பார்த்தால் இன்னும் அதிகம், அரை நிமிடம்கூட ஆகலாம். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பாயின்ட் முடிந்தது தெரியும், உங்களுக்குப் பந்து இன்னும் வலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். எக்ஸ்சேஞ்ச் இதைச் சமாளிக்கத்தான் இன்-ப்ளேயில் ஒவ்வொரு பந்தயத்தையும் சில விநாடி பிடித்து வைத்து, பிறகு உள்ளே விடுகிறது. கால்பந்தில் கோல் விழுந்தால் சந்தையையே நிறுத்திவிடுவார்கள். குதிரைப் பந்தயத்தில் அப்படி நிறுத்த முடியாது, பிடித்து வைக்கிற நேரமும் ஒரு விநாடி அளவுதான். அதனால் பிரிட்டனில் ஓடுதளத்துக்கு வெளியிலிருந்து டிரோன் பறக்கவிட்டு, டிவியில் வருவதற்கு முன்பே படம் எடுத்து, அதை வைத்துப் பந்தயம் போடுகிற அளவுக்குப் போயிருக்கிறார்கள்.

டென்னிஸில் இதற்குக் கோர்ட்சைடிங் என்று பெயரே வந்துவிட்டது. 2014 ஆஸ்திரேலிய ஓபனில் ஒரு பிரிட்டிஷ் இளைஞர் கருவியை உடையில் மறைத்து வைத்துப் பாயின்ட் முடிவுகளை உடனுக்குடன் அனுப்பினார் என்று மெல்போர்னில் கைது செய்தார்கள், கொஞ்ச மாதத்தில் வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். சட்டப்படி அது குற்றமா என்பதே தெளிவாக இல்லை.

இப்போது சொல்லுங்கள், குதிரையைப் பற்றி அதிகம் தெரிந்தவன் ஜெயிப்பதும், முடிந்துபோன ஓட்டத்தை முன்கூட்டியே பார்த்தவன் ஜெயிப்பதும் ஒன்றா? முதல் ஆள் ஏதோ ஒன்றைக் கணிக்கிறான், தப்பாகவும் போகலாம். இரண்டாவது ஆள் எதையும் கணிக்கவில்லை, பார்த்துவிட்டு வந்து பந்தயம் கட்டுகிறான். இதைத் திறமை என்று நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

---

வட்டப்பாதை எழுதியது:

கரையோரம், நான் சொல்லத் தெரியாமல் தவித்ததை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் அது ஏமாற்று வேலை என்றே சொல்லலாமா? கம்பெனிக்கு இது தெரியாமலா இருக்கும்?

---

நிழல்மரம் எழுதியது:

ஏமாற்று என்று சொல்வது கஷ்டம். எங்கே கோடு போடுகிறார்கள் என்பதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவி 2012-ல் லண்டன் சூதாட்ட விடுதி ஒன்றில் சீட்டுகளின் பின்பக்க வடிவத்தில் இருந்த நுண்ணிய வித்தியாசத்தைக் கவனித்து சுமார் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். விடுதி பணம் தரவில்லை. 2017-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அது ஏமாற்றுதான் என்று சொல்லிவிட்டது. சீட்டைக் கூர்ந்து பார்த்தது மட்டும் என்றால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும், அவர் தரப்பு ஏதோ மூடநம்பிக்கை போலக் காட்டி, சீட்டு போடும் பெண்ணையே சீட்டுகளைத் திருப்பி வைக்கச் செய்ததுதான் அவருக்கு எதிராகப் போனது. டிரோன்காரர் குதிரையையும் தொடுவதில்லை, ஓட்டத்தையும் மாற்றுவதில்லை, யாரிடமும் பொய் சொல்வதுமில்லை. அந்த அளவுகோலில் அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஏமாற்று இல்லை என்பதாலேயே நியாயம் ஆகிவிடாது, அது வேறு.

கம்பெனிக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். நன்றாகவே தெரியும். பெட்ஃபேர் 2008-ல் பிரீமியம் சார்ஜ் என்று ஒன்று கொண்டுவந்தது. தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே கமிஷன் குறைவாகக் கட்டுபவர்களிடம் மொத்த லாபத்தில் 20 சதவீதம் வரை போகுமாறு கூடுதலாக வசூலித்தார்கள், 2011-ல் மிகப் பெரிய லாபக் கணக்குகளுக்கு அதை 60 சதவீதம் வரை ஏற்றினார்கள். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று தசமப்புள்ளி சொன்னாரே, திறந்த எட்டாவது வருடமே வாசலில் சுங்கம் வைத்துவிட்டார்கள். அந்தப் பணம் தோற்றவர்களுக்குப் போகவில்லை, கம்பெனிக்குத்தான் போனது. குளத்தில் மீன் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காகப் பெரிய வலைக்காரரிடம் அதிக வரி வாங்குவது போலத்தான் அது, மீனுக்காக இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது 2011 டிசம்பரில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுனில் நடந்த விஷயம். வோலர் லா வெடெட் என்ற குதிரை கிட்டத்தட்ட ஜெயித்துவிட்ட நிலையில், அது தோற்கும் என்று 28-க்கு 1 (1 போட்டால் 28 லாபம்) என்ற விலையில் 2 கோடியே 10 லட்சம் பவுண்டு திரையில் நின்றது. ஒரு வாடிக்கையாளரின் பாட் கட்டுப்பாடு இழந்து வைத்த பந்தயம். கொடுக்க வேண்டி வந்திருந்தால் கிட்டத்தட்ட 60 கோடி பவுண்டு. என்ன செய்தார்கள்? அந்த ஓட்டத்தின் இன்-ப்ளே பந்தயங்கள் எல்லாவற்றையும் ரத்து செய்தார்கள். அந்த விலையைப் பார்த்து நேர்மையாகப் பணம் போட்ட சின்ன ஆட்களுக்கு அசல் மட்டும் திரும்பியது. அந்தக் கணக்கில் அவ்வளவு பணமே இல்லாதபோது வேறு வழி இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சாதாரண ஆள் பேக் என்று அழுத்துவதற்குப் பதிலாக லே என்று அழுத்திவிட்டால் அந்தப் பந்தயம் நிற்கும், யாரும் ரத்து செய்ய மாட்டார்கள். தவறுக்கான விலை ஆளுக்கு ஆள் மாறுகிற இடத்தை நியாயமான இடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

---

தசமப்புள்ளி எழுதியது:

கரையோரம் சொன்ன வேக விஷயத்தில் நான் சண்டைக்கு வரவில்லை, இன்-ப்ளேயைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. என் வாதம் பந்தயம் தொடங்கும் முன் உள்ள சந்தைக்கு மட்டும், அதில் நான் பின்வாங்க மாட்டேன்.

ஆனால் அங்கேயும் ஒரு பொறி உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. இருக்கிற விலையை எடுப்பது ஒன்று, "எனக்கு இந்த விலை கிடைத்தால் போதும்" என்று ஒரு கோரிக்கையை வைத்துவிட்டுக் காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவதில் நீங்கள் கேட்ட விலையை எப்போது ஒருவர் ஒத்துக்கொள்வார் என்று யோசியுங்கள். குதிரை நல்ல நிலையில் இருந்தால் விலை குறைந்துகொண்டே போகும், உங்கள் கோரிக்கையை யாரும் தொட மாட்டார்கள். குதிரை வியர்த்துக் கொட்டுகிறது, லாடம் கழன்றது என்று ஏதாவது தெரிந்த உடனே, பார்த்தவன் ஓடி வந்து உங்கள் விலையை எடுத்துக்கொள்வான். நல்லது கிடைக்காது, கெட்டது மட்டும் தேடி வரும். சாதாரண ஆட்களின் பணம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது என்று நினைக்கிறேன், பாட், டிரோன் எல்லாம் இதே விஷயத்தை இன்னும் வேகமாகச் செய்கின்றன, அவ்வளவுதான்.

2007-ல் போலந்தின் சோபோட்டில் நடந்த டேவிடென்கோ, வசாயோ அர்குவேயோ டென்னிஸ் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். உலகத் தரவரிசையில் நாலாவது இடத்தில் இருந்த டேவிடென்கோ முதல் செட்டை ஜெயித்த பிறகும் பணம் எதிராளி மேலேயே குவிந்துகொண்டிருந்தது. அவர் காயத்தால் விலகினார், பெட்ஃபேர் எல்லாப் பந்தயங்களையும் ரத்து செய்தது, நீண்ட விசாரணையில் வீரர்கள் மேல் எந்தத் தப்பும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் அன்று ரத்து ஆகாமல் இருந்திருந்தால், "இவ்வளவு பெரிய வீரருக்கு இவ்வளவு நல்ல விலையா" என்று ஆசைப்பட்டு எடுத்தவர்கள்தான் பணம் கொடுத்திருப்பார்கள். நம்ப முடியாத நல்ல விலை எதிரே நின்றால், அதை வைத்தவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும்.

---

கரையோரம் எழுதியது:

இதைத்தான் நான் வேறு மாதிரி சொல்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று புதிதாக வருகிறவருக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? இன்-ப்ளே திரையில் "நீங்கள் பார்க்கும் படம் தாமதமானது, எதிரே இருப்பவர் உங்களுக்கு முன்னால் பார்த்திருக்கலாம்" என்ற வரி பந்தயம் போடுகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கேயோ விதிமுறைப் பக்கத்தில் போட்டுவிட்டால் போதாது. தெரிந்தே ஒருவர் விளையாடித் தோற்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். தன்னைப் போன்ற இன்னொரு ரசிகனோடு விளையாடுகிறோம் என்று நம்பிக்கொண்டு தோற்பவரைப் பற்றித்தான் பேசுகிறேன், அப்படி நம்புகிறவர்கள் நிறைய. அதிலும் நிறுத்த முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதிரே ஒரு பாட் களைப்பே இல்லாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அந்த லாபத்தை எந்தக் கணக்கு வைத்தும் நியாயப்படுத்த முடியாது.

---

வட்டப்பாதை எழுதியது:

நன்றி எல்லாருக்கும். நான் ஒரே கேள்வியாகக் கேட்டது உண்மையில் இரண்டு என்று புரிகிறது, பந்தயத்துக்கு முன்னால் ஒன்று, தொடங்கின பிறகு ஒன்று. தசமப்புள்ளி, ஒரு சந்தேகம். ஒரு விலையைக் கேட்டு வைத்துவிட்டு மறந்துபோனால், ஆட்டம் தொடங்கின பிறகும் அந்தக் கோரிக்கை அப்படியே நிற்குமா?

---

தசமப்புள்ளி எழுதியது:

நீங்கள் தேர்ந்தெடுத்ததைப் பொறுத்தது. ஆட்டம் தொடங்கும்போது எடுக்கப்படாத கோரிக்கையை ரத்து செய், அப்படியே வைத்திரு, தொடக்க விலையில் எடுத்துக்கொள் என்று மூன்று வழி உண்டு, எல்லாச் சந்தையிலும் மூன்றும் இருக்காது. வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது இன்-ப்ளேயிலும் நிற்கும், கரையோரம் சொன்ன ஆட்கள் முதலில் எடுப்பது அதைத்தான். திரைக்கு முன்னால் உட்கார முடியாத நாளில் ரத்து என்பதில் விட்டுவிடுங்கள், பந்தயம் போடுவதற்கு முன் அது எதில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.