6 வருஷம் விட்டுட்டு திரும்ப ரேஸ் நீந்த முடியுமா?

கேள்வி:
20 வயசு வரைக்கும் 50, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரேஸ் நீந்திட்டு இருந்தேன், அப்புறம் காலைல அலாரம் அடிச்சாலே எரிச்சலா வர்ற அளவுக்கு ஆகி மொத்தமா விட்டுட்டேன். இப்ப 26. போன மாசம் சும்மா தண்ணில இறங்கினேன், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, திரும்ப ரேஸ் பண்ணணும்னு அப்படி ஒரு ஆசை. வீட்ல "இந்த வயசுல என்ன போட்டி"ங்கறாங்க. பெரிய லெவல்ல யாராவது இப்படி விட்டுட்டு வந்து ஜெயிச்சிருக்காங்களா?

பதில் 1:
அமெரிக்காவோட அந்தோணி எர்வின் இருக்காரே! 2000 சிட்னி ஒலிம்பிக்ல 19 வயசு, 50 ஃப்ரீல அவரும் கேரி ஹால் ஜூனியரும் ஒரே டைம் 21.98, ரெண்டு பேருக்குமே தங்கம். அடுத்த வருஷம் ஃபுகுவோகா உலக சாம்பியன்ஷிப்ல 50, 100 ரெண்டுலயும் தங்கம். அதுக்கப்புறம் 22 வயசுலயே போதும்னு விட்டுட்டார். அந்த சிட்னி மெடலை ஆன்லைன் ஏலத்துல வித்து, வந்த 17,000 டாலர் சொச்சத்தை 2004 சுனாமி நிவாரணத்துக்கு குடுத்துட்டார், இதை எப்ப நெனச்சாலும் எனக்கு தொண்டை அடைக்குது. அப்புறம் நியூயார்க்ல குழந்தைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கப் போய்தான் அவருக்கே தண்ணி மேல திரும்ப ஆசை வந்திருக்கு. 2012 லண்டன்ல அஞ்சாவது. 2016 ரியோல 35 வயசுல 21.40, ஃபிரான்ஸோட ஃப்ளோரன்ட் மனாடூவை 0.01 செகண்ட்ல முந்தி தங்கம். 19 வயசுல நீந்தினதை விட வேகம் பாருங்க.

பதில் 2:
எர்வின் கதை எனக்கும் உயிர், ஆனா அது 50ங்கிறதையும் கவனிங்க. ஒரே நீளம், சுவர்ல திரும்பற டர்ன் கிடையாது, பிளாக்ல (ஸ்டார்ட்டிங் மேடைல) இருந்து பாயறதும் அதுக்கப்புறம் தலை வெளிய வர்ற 15 மீட்டருக்குள்ள அடிக்கிற கிக்கும் சரியா இருந்தா பெரிய வேலை முடிஞ்சுது. உடம்பு பலமும் டெக்னிக்கும் 30 தாண்டியும் நிக்கும். அமெரிக்க நீச்சல் வீராங்கனை டாரா டோரஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல 41 வயசு, குழந்தை பொறந்து ரெண்டு வருஷம் சொச்சம், 50ல வெள்ளி, அதுவும் ஜெர்மனியோட பிரிட்டா ஸ்டெஃபென்கிட்ட 0.01 செகண்ட்ல தங்கம் போச்சு. 400, 800னா தினம் நீந்த வேண்டிய தூரமே வேற, வேலைக்குப் போய்க்கிட்டு அது ரொம்பக் கஷ்டம். 50லயே இருங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, எர்வின் பத்தி படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. பழைய ட்ரெய்னிங் நோட்டு இன்னும் வச்சிருக்கேன், அதுல இருந்தே ஆரம்பிக்கலாமா?

பதில் 3:
தயவு செஞ்சு வேணாம். நான் 4 வருஷ கேப்புக்கு அப்புறம் அதேதான் பண்ணேன், மூச்சு சீக்கிரம் திரும்பிடுச்சு, தோள்பட்டைதான் தாங்கல, மூணு மாசம் கையைத் தூக்க முடியல. வாரத்துக்கு மூணு நாள் மெதுவா நீந்துங்க, கரையில ரப்பர் பேண்ட் வச்சு தோளுக்குப் பயிற்சி பண்ணுங்க, முதல் ரெண்டு மாசம் கையில பேடில் (தண்ணியை அதிகமா தள்ள உள்ளங்கைல மாட்டற தட்டு) மாட்டவே மாட்டாதீங்க.