அம்மாவை அழகர் பார்க்கக் கூட்டிட்டுப் போகணும், வெயிலுக்கு என்ன பண்றது?

பனியன்ஊர்க்காரி:

அம்மாவுக்கு 67 வயசு. பிறந்தது மேலூர் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து 44 வருஷம் ஆச்சு. தாத்தா தோள்ல உக்காந்து, மதுரையில கள்ளழகர் வைகை ஆத்துல இறங்கினதைப் பார்த்த கதையை வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் சொல்லும். இந்தத் தடவை பொங்கலுக்கே சொல்லிருச்சு, "ஒரு தடவை காட்டிரு, அப்புறம் கேக்க மாட்டேன்"னு. பிபி மாத்திரை போடுது. முட்டி வலி வேற.

என் பயம் என்னன்னா, 2023ல நானும் வீட்டுக்காரரும் போயிட்டு வந்த அனுபவம். அந்த வருஷம் மே 5. முந்தின நாள்தான் கத்திரி ஆரம்பிச்சிருந்தது. விடியக்காலம் ஆத்துக்குள்ள நின்னப்ப ஒண்ணும் தெரியல, ஜிலுஜிலுன்னுதான் இருந்துச்சு. சாமி பார்த்து முடிச்சுட்டுத் திரும்பினோம் பாருங்க, ஏ.வி. பாலத்துப் பக்கம் இருந்து வெளிய வர ரெண்டு மணி நேரம். செருப்பு எங்கயோ போச்சு. ஒன்பதரை, பத்து மணி வெயில்ல தார் ரோட்டுல வெறுங்காலோட நடந்தேன். உள்ளங்கால்ல கொப்புளம், கண்ணை இருட்டிக்கிட்டு வந்துருச்சு. வாசல்ல நின்ன ஒரு அம்மா இழுத்துத் திண்ணையில உக்கார வச்சு மோர் குடுத்தாங்க. அப்ப எனக்கு வயசு 38. எனக்கே இந்தக் கதின்னா அம்மாவுக்கு?

தம்பி டிவில காட்டுன்றான். அம்மாகிட்ட அதைச் சொல்ல எனக்கு வாய் வரல. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய் வந்தவங்க சொல்லுங்க.

---

ஏசிரூம்வாசி:

தம்பி சொல்றதுதான் சரி. நேரலையில பக்கத்துல, தெளிவா, உக்காந்து பார்க்கலாம். இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்?

---

மதிச்சியம் துருத்தி:

அக்கா, டிவி யோசனையைத் தூரப் போடுங்க. டிவில பார்க்கிறவங்க அம்மா மாதிரி பொங்கலுக்கே சொல்லி வைக்க மாட்டாங்க.

நான் 19 வருஷமா துருத்தி தூக்குறவன், அதான் அழகர் மேல தண்ணி பீய்ச்சுற தோல்பை. எங்கப்பா வேண்டுதல், அவருக்கு அப்புறம் என் கைக்கு வந்துச்சு. கருப்பசாமி வேஷம்னா என்னன்னு அம்மாவுக்குத் தெரியும்: சல்லடம், உருமா, எல்லாம் வெல்வெட்டுல, ஜிகினா வச்சுத் தச்சது. சித்திரை வெயில்ல வெல்வெட்டு போட்டுக்கிட்டு, சாமிக்கு உடம்பு சூடாகுமேன்னு தண்ணி பீய்ச்சுற ஆளுங்க நாங்க. வெக்கையைப் பத்தி எங்கிட்ட கேளுங்க.

நீங்களே பதிலைச் சொல்லிட்டீங்க, கவனிச்சீங்களா? "விடியக்காலம் ஜிலுஜிலுன்னு இருந்துச்சு." போறப்ப ஆளைச் சாய்க்கிறதில்ல, திரும்பி வர்றப்பதான் சாய்க்கும். நாலு மணியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வந்து சேர்ந்த கூட்டம், அழகர் இறங்கி முடிஞ்சதும் ஒரே நேரத்துல கிளம்பும். போன்ல 38 டிகிரின்னு போட்டிருப்பான். அது காத்தோட்டமான இடத்துல, நிழல்ல வச்சு அளக்குறது. தோளுக்குத் தோள் இடிச்சுக்கிட்டு நிக்கிற இடத்துல காத்து ஏது? வேர்வை வரும், ஆனா காயாது. காய்ஞ்சாத்தானே உடம்பு குளிரும்? அந்தப் புழுக்கம்தான் ஆளை அடிக்கிறது, வெயில் அப்புறம்தான்.

2022 ஞாபகம் இருக்கா? கொரோனாவால ரெண்டு வருஷம் கோயிலுக்குள்ளயே நடத்திட்டு, ஏப்ரல் 16 அன்னைக்குத்தான் திரும்ப ஆத்துக்கு வந்தார். கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். நெரிசல்ல ரெண்டு பேர் போயிட்டாங்க. வெயில் சுடுறதுக்கு முன்னாடியே. அதுல இருந்து எங்க வீட்டுப் பெரியவங்க யாரையும் நான் ஆத்துக்குள்ள விடுறதில்ல.

இன்னொண்ணு சொல்லணும், ஆம்பளைங்க யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க. 2019ல, ஓட்டுப் போட்ட மறுநாள், விரல்ல மை கூட மங்கல, ராமராயர் மண்டபத்துப் பக்கம் நான் பையில தண்ணி நிரப்பிக்கிட்டு நிக்கிறேன். எனக்கு ரெண்டு ஆள் தள்ளி ஒரு அப்பத்தா, பச்சைச் சேலை, கையில சர்க்கரைச் செம்பு. செம்புல தீபம் எரிஞ்சுக்கிட்டிருக்கு. செம்பு மெதுவா ஒரு பக்கமா சாயுது, சர்க்கரை கொட்டுது, அதுக்கப்புறம்தான் அப்பத்தா சாயுது. கீழ விழ இடம் இல்லாததால அப்படியே எங்க மேலயே சாஞ்சாங்க. தூக்கிட்டுப் போய் மோர்ப் பந்தல்ல போட்டோம். ஆளாளுக்கு வெயில் வெயில்னு கத்துறாங்க. பந்தல்ல இருந்த ஒரு நர்ஸ் பொண்ணு எல்லாரையும் விலக்கிவிட்டு, மல்லாக்கப் படுக்க வச்சு, காலைத் தூக்கி ஒரு அரிசி மூட்டை மேல வச்சுச்சு. ரெண்டு நிமிஷத்துல அப்பத்தா கண்ணு முழிச்சுட்டாங்க. நின்ன இடத்துல அசையாம மூணு மணி நேரம் நின்னா ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிருமாம். அதுபோக, முந்தின நாள் ராத்திரியில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஏன் ஆத்தான்னு கேட்டா, "குடிச்சா ஒண்ணுக்கு வரும்ல, எங்கிட்டுப் போறது?"

அதனால அக்கா, முதல்ல கக்கூஸ் எங்க இருக்குன்னு பாருங்க, அப்புறம் அழகரைப் பார்க்கலாம். அம்மா தண்ணி குடிக்குதான்னு கேட்டா "குடிச்சேன்"னுதான் சொல்லும். பாட்டிலைத் தூக்கிப் பாருங்க.

இப்ப இடம். அழகரை ஆத்துலதான் பார்க்கணும்னு யார் சொன்னது? இருவது கிலோமீட்டர் நடந்து வர்ற சாமி, வழியில நானூறுக்கு மேல மண்டகப்படி, அதான் சாமி நின்னு நின்னு போற இடம். ஆத்துல இறங்குறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம் மலையில இருந்து கிளம்புவார். கண்டாங்கிப் பட்டு, கள்ளர் வேஷம், பல்லக்கு. கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, சுந்தரராஜன்பட்டி, கடச்சனேந்தல்னு ராவோட ராவா வருவார். வெயிலே கிடையாது. மேலூர்ப் பக்கத்து ஆளுன்னா கள்ளந்திரி அம்மாவுக்குத் தெரியாமயா இருக்கும்? ஒரு பாயும் விசிறியும் எடுத்துட்டுப் போய் ரோட்டோரம் உக்காந்தா சாமி வாசலுக்கே வர்ற மாதிரி. மறுநாள் மூணுமாவடியில எதிர்சேவை, மதுரை ஜனம் எதிர போய் சாமியை வரவேற்கிறது, அதுக்குக் காலையிலேயே கூட்டம் கூடிரும், அதை நான் சொல்ல மாட்டேன்.

இதுல ஒரு குறை, ஆத்துல இறங்குறப்ப சாமி ஏறி வர்ற தங்கக் குதிரை கிடைக்காது. அம்மா குதிரையிலதான் பார்ப்பேன்னு நின்னா, ஆத்துல இறங்குற அன்னைக்கே வாங்க, ஆனா சாயங்காலம் வாங்க. ராமராயர் மண்டபத்துல தண்ணி பீய்ச்சுறது முடிஞ்சு அதே குதிரையில அண்ணா நகர் வழியா வண்டியூருக்குப் போவார், போய்ச் சேர ராத்திரியாயிரும். காலையில இருந்த கூட்டத்துல பாதி அப்ப சோறு தின்னுட்டுத் தூங்கிக்கிட்டிருக்கும்.

செருப்பைக் கழட்டினா ஒரு மஞ்சப்பையில போட்டுக் கையிலயே வச்சுக்கோங்க, வெளிய விடாதீங்க. வெறுங்கால்தான்னு அம்மா வேண்டியிருந்தா பழைய காட்டன் சாக்ஸ் போட்டு விடுங்க, அழகர் கோவிச்சுக்க மாட்டார். பந்தல்ல உப்புப் போட்ட நீர்மோர் குடுத்தா வாங்கிக் குடிங்க. பானக்கம் ஒரு டம்ளர் போதும். ஜிகர்தண்டாவை வீட்டுக்குப் போறப்ப பார்த்துக்கலாம்.

கேக்காத ஒண்ணு, சொல்லிட்டுப் போறேன். மோட்டார் பம்பு வச்சுத் தண்ணி அடிக்கிறவனைக் கண்டா அந்தப் பக்கம் அம்மாவை நிக்க விடாதீங்க. கண்ணுல அடிச்சா அவ்வளவுதான். அதுக்குத் தடை போட்டது ரொம்ப நல்லது. ஆட்டுத்தோல் பையை அக்குள்ல இடுக்கி அமுக்கினா வர்ற தண்ணி வேற, அது மழை மாதிரி விழும்.

---

நெல்லை வார்டு சிஸ்டர்:

துருத்தி அண்ணன் சொன்ன நர்ஸ் நான் இல்ல, ஆனா செஞ்சது சரி.

பிபிக்கு அம்மா போடுறதுல நீர் பிரியிற மாத்திரை இருக்கான்னு சீட்டு எழுதின டாக்டர்கிட்ட இப்பவே கேளுங்க. வெயில் நாள்ல அது உடம்புத் தண்ணியை இன்னும் இறக்கும். நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுச் செய்ங்க. ஓஆர்எஸ் பொட்டலம் ரெண்டு கையில இருக்கட்டும், அதுக்கும் டாக்டர்கிட்டயே ஒரு வார்த்தை.

தலைசுத்தல்னா படுக்க வைக்கலாம். பேச்சு குழறுது, இருக்கிற இடம் தெரியல, உடம்பு நெருப்பாக் கொதிக்குதுன்னா அது வேற. சாமி கிட்ட வந்துருச்சேன்னு பார்க்காம 108க்குப் போன் போடுங்க. வண்டி வர்ற வரைக்கும் நிழல்ல வச்சு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவு சரியா இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது.

எங்க வாப்பா 2024ல ஹஜ்ஜுக்குப் போயிருந்தாங்க. மக்காவுல 51 டிகிரியைத் தாண்டின வருஷம் அது, 1301 பேர் மவுத்தானதா சவூதி அரசாங்கமே சொல்லுச்சு. அதுல முக்கால்வாசிக்கு மேல முறையான அனுமதி இல்லாம வந்து, ஏசி கூடாரமும் பஸ்ஸும் கிடைக்காம வெயில்லயே நடந்தவங்க. இஹ்ராம்ல, அதான் ஹஜ்ஜுக்கு வெள்ளைத் துணி உடுத்தியிருக்கிறப்ப, ஆம்பளைங்க தலையில துணி போடக் கூடாது, ஆனா குடை பிடிக்கலாம். வாப்பா முதல் நாள் கூச்சப்பட்டுக் குடையை விரிக்கல. ரெண்டாம் நாள் பக்கத்துல ஒருத்தர் விழுந்ததைப் பார்த்துட்டு விரிச்சவங்க, ஊருக்கு வந்தும் அந்த வெள்ளைக் குடையை விடல. அம்மாவும் கூச்சப்படும். நீங்களே விரிச்சுப் பிடிங்க.

---

பனியன்ஊர்க்காரி:

எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கள்ளந்திரின்னதும் நிமிர்ந்து உக்காந்துருச்சு. "எங்க சின்னம்மா வீடு அங்கதான்டி, வாசல்ல மாட்டுவண்டியா நிக்கும்"னு ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம். நானூறு மண்டகப்படியில அது எதுன்னு யாராவது கேட்டாக் கூடச் சொல்லும் போல.

ராத்திரி கள்ளந்திரின்னு முடிவு பண்ணியாச்சு. குதிரையை மட்டும் விட மாட்டேங்குது. அதனால ஒரு நாள் மதுரையில ரூம் போட்டுத் தங்கி, ஆத்துல இறங்குற அன்னைக்குச் சாயங்காலம் அண்ணா நகர். பகல்ல ரூமை விட்டு நகர மாட்டோம். குடை வாங்கிட்டேன். மாத்திரை சீட்டை எடுத்துட்டுப் போய் நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன். தம்பியும் வர்றானாம், பையைத் தூக்கட்டும்.

துருத்தி அண்ணே, அம்மா ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. அன்னைக்கு அண்ணா நகர்ப் பக்கம் வந்தீங்கன்னா அது மேலயும் கொஞ்சம் தண்ணி பீய்ச்சுவீங்களாம்?

---

மதிச்சியம் துருத்தி:

பீய்ச்சாம? ஆனா ஒண்ணு, எங்கப்பா காலத்துத் தோல்பை. எவ்வளவு பன்னீர் கலந்தாலும் சேலையில கெடா வாடை ரெண்டு நாளைக்குப் போகாது. நல்ல பட்டு எதையும் கட்டிக்கிட்டு வர வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிருங்க.