ஐந்து வயதுக் குழந்தையின் சாட்சியத்தை நம்பித் தண்டிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். ஒரு கொலையை நேரில் பார்த்தது ஐந்து வயதுக் குழந்தை மட்டுமே என்றால், அதன் சொல்லை நம்பி ஒருவரைத் தண்டிக்க முடியுமா? குழந்தை பொய் சொல்லாது என்கிறார்கள் சிலர். சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கும் என்கிறார்கள் வேறு சிலர். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்:
வயது மட்டுமே தடையாகாது. 1895-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கொலையுண்டவரின் மகனான ஏறத்தாழ ஐந்தரை வயதுச் சிறுவனின் சாட்சியம் செல்லும் என்றது. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் முதலே, கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமாக விடையளிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். நீதிபதி முதலில் பெயர், படிக்கும் வகுப்பு போன்றவற்றைக் கேட்டு, உண்மைக்கும் பொய்க்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பார்ப்பார். வேறு சான்றும் துணைநிற்க வேண்டும் என்பது முன்னெச்சரிக்கையே தவிரச் சட்டத்தின் கட்டாயமன்று என்பது 1951-இல் இராமேஸ்வர் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

மற்றொரு பதில்:
மேலே சொன்னவை சரியே. ஆனால் குழந்தை நீதிமன்றப் படி ஏறுவதற்கு முன்பே பாதி வழக்கு முடிந்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. முதலில் விசாரித்தவர் யார், எப்படிக் கேட்டார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். ‘அந்த மாமா உன்னை அடித்தாரா?’ என்று கேட்பதும், ‘அன்று என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் ஒன்றல்ல. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்ன விடை தவறு போலும் என்று எண்ணிக் குழந்தை அதை மாற்றிச் சொல்லக்கூடும். கலிபோர்னியாவின் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் பிள்ளைகளிடம், மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று கூறியே விசாரித்தார்கள். பிள்ளைகளிடம் பாலியல் அத்துமீறல் நடந்ததாக 1983-இல் எழுந்த அந்தக் குற்றச்சாட்டு, ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் 1990-இல் முடிந்தது. உண்மையிலேயே துன்புற்ற குழந்தை ஏதேனும் அங்கே இருந்திருந்தால், அதன் குரலையும் அந்த விசாரணை முறையே கெடுத்திருக்கும். பயிற்சி பெற்றவர் முதல் விசாரணையை நடத்தி, அதை முழுமையாகக் காணொளியில் பதிவுசெய்வது இரு தரப்பினருக்கும் பாதுகாப்பு. ஐஸ்லாந்து 1998-இல் இதற்கெனத் தனி இல்லமே அமைத்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணை என்னவாகும்?

பதில்:
அந்த உரிமையைப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. ஆனால் ‘நீ அங்கே போகவில்லை, அப்படித்தானே?’ என்ற கேள்விக்குக் குழந்தை ‘ஆமாம்’ என்றால், போனேன் என்கிறதா, போகவில்லை என்கிறதா? குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கென இந்தியாவில் உள்ள 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, வழக்கறிஞர் தம் கேள்விகளை நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதியே குழந்தையிடம் கேட்பார். கொலை வழக்கில் சாட்சி சொல்ல வரும் குழந்தைக்கும் இதே முறை கிடைக்க வேண்டும்.