யிப்சி மொரேனோவுக்கு அந்தத் தங்கம் எப்போது வந்தது?

களத்துமேடு:
சங்கிலி குண்டு எறிதலில், அதாவது ஹேமரில், கியூபாவின் யிப்சி மொரேனோ பற்றி ஒரு சந்தேகம். 2008 பெய்ஜிங் இறுதிப்போட்டியை டிவியில் பார்த்த ஞாபகம் இருக்கிறது, மேடையில் நடுவில் நின்றது பெலாரஸ்காரர், மொரேனோவுக்கு வெள்ளி. இப்போது எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஒலிம்பிக் தங்கம், உலக சாம்பியன் மூன்று தடவை என்று இருக்கிறதே, எப்படி? அப்புறம் கரீபியன் தீவு என்றாலே ஓட்டம்தானே நினைவுக்கு வரும், அங்கிருந்து ஹேமருக்கு எப்படி ஆள் வந்தார்?

வலைக்கூண்டு:
நீங்கள் பார்த்தது சரிதான். அன்றைக்கு அக்சானா மியன்கோவா 76.34 மீட்டர், மொரேனோ 75.20. அப்போது ஊக்கமருந்துச் சோதனைக்காக எடுத்த மாதிரிகளை ஒலிம்பிக் கமிட்டி பத்திரமாக வைத்திருந்து, புதிய முறைகள் வந்த பிறகு மறுபடி சோதித்தது. மியன்கோவா மாட்டினார், நாலாவதாக வந்த இன்னொரு பெலாரஸ் பெண் டார்யா பிச்செல்னிக்கும் மாட்டினார். 2016 நவம்பரில் இருவரையும் தகுதி நீக்கம் செய்தார்கள், தங்கம் மொரேனோவுக்கு வந்தது, அதாவது எட்டு வருடம் கழித்து. மூன்றாவது உலகப் பட்டமும் இதே கதைதான். 2005 ஹெல்சின்கியில் ரஷ்யாவின் ஓல்கா குசென்கோவா முதலிடம், மொரேனோ இரண்டாமிடம். குசென்கோவாவின் சோதனை மாதிரியும் பிற்பாடு மறுசோதனையில் பிடிபட்டு, 2013-ல் செய்தி வெளியே வந்தது. 2001 எட்மன்டன், 2003 பாரிஸ் இரண்டும் மட்டும்தான் களத்திலேயே கழுத்தில் போட்டுக்கொண்ட உலகத் தங்கங்கள்.

எனக்கு அதைவிடக் கடுப்பு பெய்ஜிங்குக்கு அடுத்த மாதம் நடந்ததுதான். செப்டம்பரில் ஜாக்ரெபில் 76.62 எறிந்தார், அவர் வாழ்நாளிலேயே அதிகம். மியன்கோவாவின் பெய்ஜிங் தூரத்தையும் தாண்டியது. பதக்கம் இல்லாத நாளில்!

நாலுசுற்று:
காலேஜில் எறிந்தவன் என்பதால் இன்னொரு பக்கம் சொல்கிறேன். பெண்கள் குண்டு 4 கிலோ, வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். அதற்குள் மூன்றோ நாலோ சுற்று சுற்றி, கடைசிச் சுற்றில் இடது பாதம் தரையில் பதிந்திருக்க, குண்டு தோளுக்குப் பக்கத்தில் மேலேறும் நேரத்தில் கைப்பிடியை விட வேண்டும், கண் இமைக்கும் நேரம் முந்தினாலோ பிந்தினாலோ குண்டு போய் வலையில் அடிக்கும். இந்த விளையாட்டில் மொரேனோவின் வாழ்க்கையே சென்டிமீட்டரில்தான் நடந்திருக்கிறது பாருங்கள்: எட்மன்டனில் 70.65, அடுத்து வந்த குசென்கோவா 70.61. நாலு சென்டிமீட்டரில், இருபது வயதில் உலக சாம்பியன். 2007 ஒசாகாவில் அதே கதை தலைகீழ், ஜெர்மனியின் பெட்டி ஹைட்லர் 74.76, இவர் 74.74. சிட்னியில் பெண்கள் ஹேமர் முதல் தடவையாக ஒலிம்பிக்கில் வந்தபோது நாலாமிடம், பதக்கம் நூலிழையில் தவறவில்லை, 95 சென்டிமீட்டர் இடைவெளி.

ஆள் எங்கிருந்து வந்தார் என்ற கேள்விக்கு: காமாகுவே மாகாணத்துக்காரர். கியூபாவில் மாகாணத்துக்கு மாகாணம் விளையாட்டுப் பள்ளி உண்டு, சின்ன வயதிலேயே உடல்வாகைப் பார்த்து இன்ன விளையாட்டுக்கு என்று பிரித்து விடுவார்கள். 2004 ஏதென்ஸில் குசென்கோவாவுக்கு அடுத்து வெள்ளி மொரேனோ, வெண்கலம் யுனைகா கிராஃபோர்ட், இரண்டு பேரும் கியூபா. ஒரே ஒரு அதிசயப் பிறவி என்றால் இப்படி இரண்டு பேர் மேடையில் நிற்க முடியாது. அதோடு கியூபாவைச் சின்னத் தீவு என்று சொல்ல முடியாது, கரீபியனிலேயே அதுதான் பெரிது.

மூன்றாம்முயற்சி:
சரி, தங்கம் கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது என்கிற மாதிரி எல்லோரும் பேசுவது எனக்கு ஒத்துவரவில்லை. 27 வயதில் அரங்கம் முழுக்கப் பார்க்கும்போது கிடைக்க வேண்டியது, போட்டியை விட்டு விலகிய பிறகு கிடைத்தால் என்ன பிரயோஜனம்? விளம்பரமும் பரிசுப்பணமும் அழைப்புகளும் அந்தந்த வருடத்தோடு போய்விட்டன. நான் பட்டியல் போட்டால் 'பெய்ஜிங், 2016-ல் மாற்றப்பட்டது' என்று கூடவே எழுதுவேன்.

வலைக்கூண்டு:
எழுதலாம், ஆனால் அப்படி எழுதினால் அவர் ஏதோ பரிதாபத்துக்குரியவர் மாதிரி ஆகிவிடுகிறது. பான் அமெரிக்கன் போட்டிகளில் 2003, 2007, 2011 என்று தொடர்ந்து மூன்று தங்கம், இதில் யாருடைய சோதனைக் குடுவையும் உதவவில்லை. ஓய்வுக்குப் பிறகு கியூபா தடகளத்தின் தேசிய ஆணையராகவும் இருந்தார்.

களத்துமேடு:
நன்றி, தெளிவாகிவிட்டது. ஏதென்ஸ் மட்டும் இடிக்கிறது. 2005-ல் மாட்டிய அதே குசென்கோவா 2004 தங்கத்தை இன்னும் வைத்திருக்கிறாரா?

நாலுசுற்று:
ஆமாம். அது அவர் பேரிலேயே இருக்கிறது, 75.02. மொரேனோ 73.36-க்கு வெள்ளிதான்.