கலைச்சொல் தேவை: பெரிஃபெரல் இம்யூன் டாலரன்ஸ் (வெள்ளிக்கிழமைக்குள்)

பென்னாகரத்திலிருந்து விலங்கியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் எதற்காக வழங்கப்பட்டது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விளக்கும் சிறு நூலொன்றை எங்கள் பள்ளியில் தயாரித்து வருகிறோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பக்கங்கள் கைக்கு வந்தால்தான் அறிவியல் கண்காட்சிக்கு முன் அடித்துத் தர முடியும் என்று தருமபுரி அச்சகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

நோய் எதிர்ப்பு அமைப்பு நம் உறுப்புகளையே தாக்காமல் இருப்பதற்கு உடலில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சியடையும்போதே, உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிடுகின்றன. இது சென்ட்ரல் டாலரன்ஸ். அங்கே தப்பி இரத்தத்துக்கும் திசுக்களுக்கும் வந்துவிடுபவற்றை, ரெகுலேட்டரி டி செல் எனப்படும் இன்னொரு வகை டி செல்கள் கட்டுப்படுத்துகின்றன. இது பெரிஃபெரல் டாலரன்ஸ்; பரிசு இதைக் குறித்த கண்டுபிடிப்புகளுக்குத்தான். வரைவில் 'புறச் சகிப்புத்தன்மை' என்றும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்' என்றும் எழுதியிருந்தேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒரு மாணவி, "சகிப்புத்தன்மை இருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைவு என்றுதானே மிஸ் அர்த்தம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை என்பதால் இங்கே வந்திருக்கிறேன்.

அரூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சகிப்பு வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதையும், அதாவது 16ஆம் அதிகாரத்தை, எதற்கு ஒதுக்கினாரோ அந்தச் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் வேறெங்கோ தேட வேண்டும்? பொறை என்பதே சொல். மையப் பொறை, புறப் பொறை. இரண்டும் நாவில் தடையின்றி வருகின்றன, பெயரடையாக்கினாலும் சிதைவதில்லை.

இன்னும் நுட்பம் வேண்டுமென்றால் நோன்றல் என்ற சொல்லைக் கருதலாம். "உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை அற்றே தவத்திற் குரு" என்ற குறளில், தனக்கு வந்த நோயைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. உங்கள் டி செல் செய்ய வேண்டிய இரண்டும் இவைதாமே? நோன்பு, நோன்மை, நோன்தாள் எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. நோன்மை என்றால் வலிமை என்றும் பொருள் உண்டு. எனவே பொறுத்தல் எதிர்ப்புச் சக்தியின் குறைவு என்ற அந்த மாணவியின் ஐயத்துக்கும் இச்சொல்லிலேயே விடை இருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து மருத்துவர்:

புலவர் ஐயா மேற்கோள் காட்டிய குறளில்தான் என் தடையும் இருக்கிறது. பொறுத்தல், நோன்றல், சகித்தல் ஆகிய மூன்றுமே, ஒரு துன்பம் வந்தது, அதை ஒருவர் தாங்கினார் என்று சொல்கின்றன. நம் கணையமும் மூட்டுச் சவ்வும் டி செல்லுக்கு எந்தத் துன்பமும் செய்யவில்லை. அகழ்வாரை நிலம் தாங்குவதைப் போன்ற நிலை அங்கே இல்லை. தாக்கும் வல்லமை இருந்தும் தாக்காமல் நிறுத்தப்படும் நிலைதான் இருக்கிறது. அந்த நிறுத்தம் தானாகவும் நடப்பதில்லை.

சகாகுச்சியின் தொடக்கச் சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பிறந்து 3 நாளேயான சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை அகற்றினால் டி செல்கள் குறைந்து எதிர்ப்பு மங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். மாறாக, எஞ்சிய டி செல்கள் அந்த எலிகளின் சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கின. நல்ல நிலையில் இருந்த எலிகளின் முதிர்ந்த டி செல்களை அவற்றுக்குச் செலுத்தியபோது அந்தத் தாக்குதல் தடுக்கப்பட்டது. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே டி செல்களை அடக்கும் ஒரு வகை இருந்தாக வேண்டும். அதை சிடி25 என்ற மேற்பரப்புப் புரதத்தை வைத்து அடையாளம் காட்டி அவர் கட்டுரை வெளியிட்ட ஆண்டு 1995. பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் வேறு வழியில் வந்தார்கள். 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் தற்செயலாகத் தோன்றிய, தோல் செதில்செதிலாக உரிந்து சில வாரங்களிலேயே ஆண் குட்டிகள் இறந்துபோகும் ஸ்கர்ஃபி என்ற எலி வகையில் எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்று தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் 20 மரபணுக்கள் வரை வட்டத்தைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்ததில், பிழை கடைசியாகப் பார்த்த இருபதாவது மரபணுவில் இருந்தது. 2001இல் வெளியான அந்த மரபணுவின் பெயர் ஃபாக்ஸ்பி3. ஆண் குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் என்ற கொடிய தன்தாக்கு நோய்க்கும் இதே மரபணுவின் பழுதே காரணம். ரெகுலேட்டரி டி செல்லை ஆளும் மரபணு இதுதான் என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் உறுதியாயிற்று.

எனவே சொல்லில் செயல் தெரிய வேண்டும் என்பது என் வேண்டுகோள். இன்னொன்று: ரெகுலேட்டரி என்பதற்கு 'அடக்கி' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். 1970களில் சப்ரஸர் டி செல் என்ற பெயரில் ஓர் ஆய்வுத்துறையே நடந்தது. அந்தச் செல்களுக்கு உரியதாகக் கருதப்பட்ட மரபணுப் பகுதி அங்கே இல்லவே இல்லை என்று 1980களில் தெரிந்ததும், அந்தப் பெயரைச் சொல்லவே ஆய்வாளர்கள் கூசும் நிலை வந்தது. அடக்கி என்ற சொல்லை அந்தப் பழைய கணக்குக்கு விட்டுவிடுவது நல்லது.

ஓசூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

மருந்துச் சோதனைகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குவது என் தொழில். கையெழுத்துப் போடுகிறவர் புரிந்துகொண்டுதான் போட்டார் என்பதற்கு அந்தப் படிவமே சாட்சி. ஆகவே அழகைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும்; பொறை என்று எழுதினால் எங்கள் பேருந்து நிலையத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு டீயில் தோய்த்துத் தின்னும் பொறைதான் நினைவுக்கு வரும். கண்ணாடிச் சாடியில் எண்ணெய்க் கறையோடு அடுக்கியிருக்கும் அந்தப் பொருளை மாணவர் மனத்திலிருந்து எந்த உரையாசிரியராலும் அகற்ற முடியாது. தவிரவும், பொறையின் எதிர்மறை என்ன? பொறாமை. பொறை குலைந்ததால் வரும் நோயை அப்போது என்னவென்று சொல்வது? முடக்குவாதத்தோடு வரும் அம்மாவிடம், "உங்களுக்குப் பொறாமை வந்திருக்கிறது" என்று டாக்டர் சொல்லத் தயாரா?

தூய்மைக்காகச் சொல்லை நீட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. எதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் பொருளான ஆன்டிஜெனுக்குப் 'பிறபொருளெதிரியாக்கி' என்று இணையத்தில் ஒரு சொல் உலவுகிறது. இலக்கணப்படி அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அதைப் படிவத்தில் போட்டால் வரியின் பாதி அதற்கே போய்விடுகிறது.

என் முன்மொழிவு 'தாக்காமை'. மையத் தாக்காமை, புறத் தாக்காமை. ஐந்தாம் வகுப்புப் படித்தவருக்கும் விளங்கும்.

அரூரிலிருந்து தமிழாசிரியர்:

பொறாமை என்ற சொல்லை ஓசூர் நண்பர் நகைச்சுவையாகச் சொன்னாலும், அது எனக்குப் பெரிய திறப்பாகப் படுகிறது. பொறு என்ற வினையின் எதிர்மறைத் தொழிற்பெயர்தான் பொறாமை. பிறர் ஆக்கம் பொறாத நிலை என்பது பின்னர் ஏறிய சிறப்புப் பொருள். உடல் தன் உறுப்பையே பொறாத நிலையைத் 'தற்பொறாமை' என்றால் அதைவிடப் பொருத்தமான பெயர் தன்தாக்கு நோய்க்குக் கிடைக்குமா?

பொறை என்பதற்குச் சுமை என்றும் கருப்பம் என்றும் பொருள் உண்டு. பொறையுயிர்த்தல் என்றால் பிள்ளை பெறுதல். தாயின் உடல் தன்னுடையதல்லாத ஒன்றை மாதக்கணக்கில் சுமப்பதற்கும் இந்தச் செல்களுக்கும் தொடர்பு உண்டா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தாக்காமை என்பதை நான் வெறுக்கவில்லை. கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை என்று அதிகாரப் பெயர்களாகவே எதிர்மறைத் தொழிற்பெயர்களை வைத்த மொழி நம்முடையது. ஆனால் அந்த வழியில் போவதென்றால் வெகுளாமையே மேல். "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்" என்கிறது குறள். தன் சினம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே காப்பவன். தாக்கும் வல்லமை இருந்தும் தாக்காதிருப்பது என்று மருத்துவர் கேட்ட பொருள் அப்படியே இதில் அடங்கியிருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து மருத்துவர்:

தொடர்பு உண்டு ஐயா. கருவில் பாதி மரபணுக்கள் தந்தையுடையவை. தாயின் எதிர்ப்பு அமைப்பு அதைத் தாக்காமல் இருப்பதில் ரெகுலேட்டரி டி செல்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்களும் உண்ணும் உணவும் அப்படியே. இதனால்தான் சொல்லின் தொடக்கத்தில் 'தன்' என்று கட்டாயம் சேர்க்க வேண்டாம் என்கிறேன். சொந்தமல்லாதவற்றுக்கும் இந்த நிலை பொருந்தும். வெகுளாமையை நான் மிகவும் ரசித்தேன். ஆனால் செல்லுக்குச் சினம் கற்பிக்கும் சொல்லைத் தேர்வுத்தாளில் எழுதச் சொல்ல முடியுமா என்பது ஆசிரியை அம்மாவின் பாடு.

சந்தூரிலிருந்து மாங்கன்று நாற்றங்கால் வைத்திருப்பவர்:

தாவரவியல் படித்துவிட்டு ஒட்டு கட்டிக்கொண்டிருப்பவன் நான். நெருக்கு ஒட்டில் வேர்ச்செடியின் தண்டையும் தாய்மரக் கிளையையும் ஒரே நீளத்துக்குச் சீவி, சீவிய முகங்களைச் சேர்த்துக் கட்டுகிறோம். கட்டை அவிழ்க்கும்போது இரண்டும் ஒன்றாகியிருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்போம். சில செடி பார்ப்பதற்குப் பச்சையாகவே இருக்கும், லேசாக வளைத்தால் சேர்ந்த இடத்தில் சுத்தமாகப் பிரிந்துவிடும். அதை 'இணங்கவில்லை' என்று சொல்வார்கள். 'இணக்கம்' என்று வைத்தால் என்ன? புற இணக்கம்.

கிருஷ்ணகிரியிலிருந்து மருத்துவர்:

தம்பி, இணக்கம் நல்ல சொல். ஆனால் உறுப்பு மாற்றத்தில் திசு இணக்கம், திசுப் பொருத்தம் என்று வேறொன்றுக்கு அதை ஏற்கெனவே எழுதுகிறார்கள். மாமரத்தில் டி செல்லும் கிடையாது. ஆனால் உங்கள் பக்கத்துக்கு நெருக்கமான சான்று ஒன்று இந்தத் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1945இல் ரே ஓவன் என்பவர், பசு ஈன்ற இரட்டைக் கன்றுகளில், அவை வெவ்வேறு கருமுட்டையில் பிறந்திருந்தாலும், ஒவ்வொன்றின் உடலிலும் மற்றதன் இரத்த அணுக்கள் ஆயுள் முழுவதும் தங்கியிருப்பதைக் கண்டார். கருப்பையில் நச்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் கலந்திருந்ததே காரணம். டாலரன்ஸ் என்ற கருத்து அங்கிருந்துதான் எழுந்தது. பர்னட்டும் மெடாவரும் அதற்காக 1960இல் நோபல் பெற்றார்கள். பாதிக் கிராமங்களில் மாடு இருக்கும் நம் மாவட்ட மாணவர்களுக்கு இந்தக் கன்றுகளைச் சொல்லுங்கள்.

ரெகுலேட்டரிக்கு என் வாக்கு 'தணிப்பு'. இந்தச் செல்கள் இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சித் தூண்டியைத் தாமே உறிஞ்சி மற்ற டி செல்களுக்குக் கிடைக்காமல் செய்கின்றன. வேறு சமிக்ஞைகளாலும் தாக்குதலின் வேகத்தைக் குறைக்கின்றன. தணிப்பு என்றால் அளவு என்ற எண்ணமும் கூடவே வருகிறது. மூட்டுவாதத்திலும் உறுப்பு மாற்றத்திலும் தணிப்பைக் கூட்டப் பார்க்கிறார்கள். புற்றுக்கட்டி இந்தச் செல்களைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு தப்பிப்பதால், அங்கே தணிப்பைக் குறைக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் சோதனைகளாக நடந்துவருகின்றன.

அரூரிலிருந்து தமிழாசிரியர்:

தணிப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் 'டி' மொழிமுதல் வாராது. வடவெழுத்தை ஒருவி எழுதச் சொன்ன தொல்காப்பியர் ஆங்கில எழுத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்க வேண்டியதில்லை. டி என்பது தைமஸின் முதலெழுத்து என்றால் 'தைச்செல்' என்றே எழுதலாம்.

ஓசூரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

தைச்செல் என்றால் தை மாதத்தில் பிறப்பது என்று எழுதி வைப்பார்கள் ஐயா. எதிர்ப்பு அமைப்பின் இன்னொரு வகை அணுவான பி செல்லுக்கு என்ன செய்வீர்கள்? அந்த 'பி' பறவைகளின் பர்சா என்ற உறுப்பிலிருந்து வந்தது. மனிதருக்கு அந்த உறுப்பே இல்லை. செல்லைக் கலம் என்பதா, உயிரணு என்பதா என்று அடுத்து யாரும் தொடங்குவதற்கு முன், நாளை வெள்ளிக்கிழமை என்பதை நினைவூட்டுகிறேன்.

பென்னாகரத்திலிருந்து விலங்கியல் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. பக்கங்களை இன்று மதியம் அனுப்பிவிட்டேன். 'தணிப்பு டி செல்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு எதிர்ப்பு எழுத்தளவில் மட்டுமே இருந்தது. டாலரன்ஸுக்குப் பெரும்பான்மை, களைத்துப்போன பெரும்பான்மைதான், தாக்காமைக்கு. ஆனால் 'புறத்தாக்காமை' என்று சேர்த்து அடித்துவந்த மெய்ப்பைப் பார்த்த மாணவர்கள் 'புறத்தாக்கு ஆமை' என்று படித்து அதற்கு ஓடு வரைந்துவிட்டார்கள். எனவே 'திசுக்களில் தாக்காமை' என்றும், மற்றதைத் 'தைமஸில் தாக்காமை' என்றும் பிரித்து எழுதிவிட்டேன். கேள்வி கேட்ட மாணவியிடம் காட்டினேன். தணிப்பு புரிகிறது என்றாள், தாக்காமை தூக்கத்தில் இருப்பதுபோல் ஒலிக்கிறது என்றாள். இரட்டைக் கன்றுகளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அரூரிலிருந்து தமிழாசிரியர்:

மகிழ்ச்சி, அம்மா. அந்த மாணவி சொன்ன குறை நான் முதலிலேயே அஞ்சியது. வல்லமை தெரியாத சொல் அது. அடுத்த பதிப்புக்கு வெகுளாமையை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். தற்பொறாமை பற்றித் தனியாக எழுதுவேன். உங்கள் பதிப்பில் 'திசுக்களில் தாக்காமை' வருமிடத்தில் வல்லெழுத்து மிகாமல் விட்டது சரியே. அச்சகத்தில் திருத்துகிறேன் என்று யாரும் ஒற்றைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.