பொருள்: ஆர்ட்டிஃபிஷியல் ஹொரைசன் – ‘மட்டாடி’ சரிப்படுமா?

குன்னூரிலிருந்து:

வணக்கம். பழைய கப்பல் கருவிகளின் சொற்பட்டியலில் செக்ஸ்டன்ட் (சூரியனின் உயரக் கோணத்தை அளக்கும் கருவி) உறுப்புகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. ஆர்ட்டிஃபிஷியல் ஹொரைசன் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ‘செயற்கை அடிவானம்’ என்று போட்டால் விமானியின் முன்னால் இருக்கும் வட்ட முகப்புக் கருவிதான் நினைவுக்கு வரும். நாம் சொல்வது வேறு: இரும்புத் தொட்டி, ரசக்குப்பி (பாதரசம்தான்), கூரைபோல் சாய்ந்த இரண்டு கண்ணாடிகள், எல்லாம் அடங்கும் மரப்பெட்டி. அது அடிவானத்தைப் போலச் செய்வதும் இல்லை. மட்டமாகக் கிடக்கும் ஓர் ஆடி, அவ்வளவுதான். மேலே உள்ள சூரியனையும் ரசத்தில் தெரியும் சூரியனையும் ஒன்றாக்கினால் உயரக் கோணத்தின் இரு மடங்கு கிடைக்கும். எனவே ‘மட்டாடி’.

கொடைக்கானலிலிருந்து:

> எனவே ‘மட்டாடி’

‘மட்டமான சரக்கு’ ஞாபகம் வருகிறதே ஐயா! ‘ரசமட்டம்’ இன்னும் பொருத்தம், ஆனால் அதைக் கொத்தனார்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். மேலும் இன்று யாரும் ரசம் ஊற்றக் கூடாது. ஆவி நஞ்சு, பித்தளையையும் பிடித்துவிடும். தொட்டி இரும்பில் இருப்பதன் காரணமும் அதுதான்.

கடல் தெரியாத மலையில் செக்ஸ்டன்டைச் சோதிக்க இதுவே எளிய வழி என்பதால் செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். அடி கறுத்த தட்டில் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு விளக்கெண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். அடி கறுப்பாக இல்லாவிட்டால் இரண்டாவது பிம்பம் எழுந்து குழப்பும். எண்ணெய் அசைவு அடங்கும்வரை பொறுங்கள். கறுப்புக் கண்ணாடி வடிகட்டிகளை இரு பக்கமும் போடுங்கள், எண்ணெயில் தெரியும் சூரியனும் கண்ணைச் சுடும். விரிசல் விட்ட பழைய வடிகட்டி இருந்தால் சூரியன் பக்கமே போகாதீர்கள்.

செக்ஸ்டன்ட் அளவு 120 பாகையை ஒட்டி நின்றுவிடும்; ஆகவே 60 பாகைக்கு மேற்பட்ட உயரம் கிடைக்காது. கொடைக்கானலில் நண்பகல் சூரியன் அதற்குக் கீழே இருப்பது நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி மூன்றாம் வாரம் வரைதான். மற்ற மாதங்களில் காலையிலோ மாலையிலோ எடுக்க வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து:

சுழிப்பிழையை, அதாவது சுழியைக் காட்ட வேண்டிய இடத்தில் கருவி காட்டும் பிழையை, எங்கே கழிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜனவரியில் சூரியனின் இரு பிம்பங்களையும் விளிம்போடு விளிம்பு ஒட்டவைத்து சுழிக்கு உள்ளே (அளவுகோலின் பக்கம்) 34′40″, வெளியே 30′40″ வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தில் பாதி, 2′ பிழை. இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் 16′20″. சூரியனின் அரைவிட்டத்தோடு ஒத்துப்போகிறது, அளவு நம்பத்தக்கது. உள்ளே அதிகம் என்பதால் கழிக்க வேண்டும். தட்டில் எடுத்த அளவு 113°04′ என்றால் முதலில் 2′ கழித்து, பிறகு பாதியாக்குங்கள்: 56°31′. பாதியாக்கிவிட்டுக் கழித்தால் 56°30′; அட்சக்கோட்டில் ஒரு கடல் மைல் போய்விடும். கடல் அடிவானத்தைப் பார்க்காததால் கண்ணுயரத் திருத்தம் இங்கே கிடையாது. ஒளிவிலகல் திருத்தமோ நம் உயரத்தில் அட்டவணையில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்.

பழைய பெட்டி வாங்குவோர் கூரைக் கண்ணாடியைப் பாருங்கள். இரு முகமும் இணையாக இருக்க வேண்டும். உடைந்த இடத்தில் ஜன்னல் கண்ணாடி போட்டிருந்தால் அளவு சாயும். கூரையை முன்பின்னாகத் திருப்பி வைத்து மீண்டும் எடுங்கள். இரண்டும் மாறினால் காரணம் கண்ணாடிதான், இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். உடனிருக்கும் பித்தளையில் வெள்ளித் திட்டுகள் இருந்தால் ரசம் கசிந்த அடையாளம். பிரேஸோ (பித்தளைப் பாலிஷ்) போட்டுத் தேய்த்தால் திட்டு போகாது, பழைய அரக்குப் பூச்சுதான் போகும். குப்பி கனமாக இருந்தால் திறக்காமல் வையுங்கள்.

சொல்லுக்கு வருவோம். கறுப்புக் கண்ணாடியைத் திருகாணிகளால் சமன்செய்யும் வகையும் உண்டு. அதில் தொட்டியும் இல்லை, திரவமும் இல்லை. ‘ரசத்தட்டு’ என்று பெயர் வைத்தால் அங்கே பொய்யாகும். ‘மட்டாடி’ இரண்டுக்கும் ஒக்கும்.

குன்னூரிலிருந்து:

சரி, ‘மட்டாடி’ பொதுப்பெயர். வகைகள்: ‘ரச மட்டாடி’, ‘எண்ணெய் மட்டாடி’, ‘கண்ணாடி மட்டாடி’. மேல்மூடிக்குக் ‘காற்றுக்கூரை’ என்று போடுகிறேன், அதன் வேலையே காற்றைத் தடுப்பதுதானே. ‘அரக்குப் பூச்சு’ லாக்கருக்கு (lacquer) போதுமா, கொடைக்கானல்காரர் சொல்லட்டும்.